வேலு சாப்பிடாமல் இருந்த ஆறு வாரங்கள்

மே மாதம் 20ஆம் திகதி மாலை நான் பெட்டிக்குள் விட்ட ஐந்து கிரிக்கெட் பூச்சிகளும் மறுநாள் காலையில் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று வேலுவின் முதுகு முட்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருந்தது. பூச்சியைக் கண்டால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாய்கிறவன், அன்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

நாங்கள் மெல்பேர்னில் வசிக்கிறோம். வேலு, மகளின் ஆசைக்காக உரிமம் எடுத்து நாங்கள் வளர்க்கும் நான்கு வயதுத் தாடி ஓணான். பியர்டட் டிராகன் என்றால் பலருக்கும் தெரியும். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துக்குரிய இந்தப் பிராணி, நம் ஊர் வேலிகளில் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானின் குடும்பத்தையே சேர்ந்தது. மிரண்டால் தொண்டைத் தோலை விரித்துக் கறுப்பாக்கிக்கொள்ளும். அதனால்தான் தாடி என்ற பெயர்.

முதல் இரண்டு வாரங்களும் நான் உணவை மாற்றிப் பார்ப்பதிலேயே போயின. கிரிக்கெட் பூச்சிக்குப் பதிலாகப் பட்டுப்புழு வாங்கினேன். பொக் சோய்க் கீரையைப் பொடியாக அரிந்து, அதன்மேல் நிறத்துக்காகப் பூசணித் துருவலைத் தூவி வைத்தேன். எதையும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு மனம் பொறுக்கவில்லை. "வயிறு காயுது போல, பிள்ளை. வாயைத் திறந்து ரெண்டு பூச்சியைத் தீத்திவிடன்" என்று இரண்டு முறை சொன்னார். நானும் ஒருநாள் அதற்குத் துணிந்து, தாடையில் விரல் வைத்துவிட்டேன். அவன் தாடி கறுத்ததைப் பார்த்துக் கையை எடுத்தேன். அப்படி எடுத்தது எவ்வளவு நல்லது என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் பிறந்ததும், இது குளிர்கால உறக்கமாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. நன்கு வளர்ந்த தாடி ஓணான்கள் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் உண்ணாமல் உறங்குவது இயல்புதான். ஆனால் அந்த உறக்கத்தில் எடை அதிகம் குறையக் கூடாது. சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்து அவனை நிறுத்தேன். ஏப்ரலில் 412 கிராம் இருந்தவன் இப்போது 379 கிராம் இருந்தான். தலையின் பின்புறத்தில் திரண்டிருக்கும் கொழுப்பு வற்றி, அந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. சில நாள்களுக்கு முன் அவன் இட்ட எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவும் கட்டியாகவும் இருந்தது. உடலில் நீர் குறைந்தால் அப்படி ஆகும். வெறும் உறக்கம் என்று என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை.

பெட்டியின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானியை இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அது அன்றும் 38 பாகை என்றே காட்டியது. நண்பர் ஒருவரிடம் அகச்சிவப்பு வெப்பமானியை இரவல் வாங்கி, வெப்ப விளக்கின் கீழ் வேலு படுக்கும் கல்லை அளந்தபோது 31 பாகைதான் இருந்தது. அந்தக் கல்லின் மேற்பரப்பு ஏறத்தாழ 40 பாகை இருக்க வேண்டும். பெட்டியின் குளிர்ந்த முனை 25 பாகையை ஒட்டி இருந்தால் போதும். கோடையில் போதுமானதாக இருந்த அதே விளக்கு, எங்கள் வரவேற்பறை இரவில் 14 பாகைக்கு இறங்கும் குளிர்காலத்தில் போதாமல் போயிருக்கிறது. ஊர்வனவற்றுக்கு உடலுக்குள் சூடு உண்டாக்கும் வசதி இல்லை. வெளியிலிருந்து வாங்கும் சூட்டில்தான் அவற்றின் வயிறு செரிக்கிறது. அந்தச் சூடு இல்லாதபோது நான் வற்புறுத்தி உணவைத் திணித்திருந்தால், அது செரிக்காமல் குடலிலேயே அழுகியிருக்கும்.

புற ஊதா விளக்கிலும் தவறு என்னுடையதுதான். குழல் பிரகாசமாக எரிந்ததால் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மங்காமலேயே அதன் புற ஊதாக் கதிர் மாதக்கணக்கில் குறைந்துகொண்டு போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். எங்களுடையதற்கு 16 மாதமாகியிருந்தது. அந்தக் கதிர் இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாமல் கல்சியம் எலும்பில் சேராது. அன்றே புதிய குழலும் கூடிய வாட் வெப்ப விளக்கும் வாங்கி, குழலின் ஓரத்தில் திகதியை எழுதி ஒட்டினேன்.

மருத்துவரைத் தேடுவதுதான் சிரமமாக இருந்தது. முதலில் அழைத்த மருத்துவமனையில் நாய், பூனை மட்டுமே பார்ப்பதாகச் சொன்னார்கள். ஊர்வனவற்றில் அனுபவமுள்ள ஒருவரை மூன்றாவது அழைப்பில் கண்டுபிடித்தேன். அன்று காலை கிடைத்த எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்து வரும்படி அவர் முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி. அவர் தாடை மென்மையாகிவிட்டதா என்று விரலால் மெல்ல அழுத்தினார். வாயைத் திறந்து புண் இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றைத் தடவி அடைப்பு ஏதும் இல்லை என்றார். பெண்ணாக இருந்திருந்தால் முட்டையையும் நினைக்க வேண்டும், ஆணுடன் சேராமலே அவை முட்டையிடுவதுண்டு என்றும் சொன்னார். நுண்ணோக்கியில் எச்சத்தைப் பார்த்தபோது, குடலில் வாழும் ஊசிப்புழுவின் முட்டைகள் மிகுதியாக இருந்தன. சிறிதளவு இருப்பது பல தாடி ஓணான்களில் வழக்கம். உடல் குளிர்ந்து தளர்ந்ததும் அவை பெருகிவிட்டன என்பது அவருடைய கணிப்பு. எடைக்கேற்ப அளந்து வாய்வழி மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை என்றார். அளவை இங்கே நான் எழுதவில்லை. அது அந்தந்தப் பிராணியை நிறுத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

வீட்டில் எங்களுக்கு மூன்று வேலைகள் இருந்தன. பெட்டியிலிருந்த மணலை அள்ளிவிட்டுச் சமையலறைக் காகிதத்தை விரித்து நாள்தோறும் மாற்றினோம், இல்லையென்றால் புழு முட்டைகள் திரும்ப வயிற்றுக்குள் போகும். மீந்த பூச்சிகளை இரவில் விட்டுவைக்கவில்லை. பசித்த கிரிக்கெட் பூச்சி அசையாத ஓணானைக் கடிக்கும். மூன்றாவது, நீராட்டு. அகன்ற தட்டில் வெதுவெதுப்பான நீரை அவன் முழங்கை அளவுக்கு மட்டும் ஊற்றி, பத்து நிமிடம் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் அவன் தலையை மெல்லத் தாழ்த்தி, முகவாய் நீரில் படும்படி வைத்துக் குடிக்கத் தொடங்கினான். தொண்டை ஏறி இறங்குவதை எண்ணினேன், இருபத்திரண்டு மடக்கு. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 1ஆம் திகதி காலை, கல் 40 பாகையில் இருந்தது. வேலு அதன்மேல் வாயைச் சற்றுத் திறந்தபடி படுத்திருந்தான். நன்றாகச் சூடேறிய தாடி ஓணான் அப்படித்தான் படுக்கும். இடுக்கியில் ஒரு பட்டுப்புழுவைப் பிடித்து அவன் முன் அசையவிட்டேன். தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு தடித்த இளஞ்சிவப்பு நாக்கு வெளியே வந்து புழுவில் ஒட்டியது. தாடை "டக்" என்று மூடியது. இரண்டாவது புழுவை மகள் கொடுத்தாள். மூன்றாவதற்கு அவனே கல்லிலிருந்து இறங்கி வந்தான். அடுத்த ஞாயிறு நிறுத்தபோது தராசு 386 கிராம் காட்டியது.