கன்ட்ரோலர் மேல் கை வைக்காதீர்கள்

டெக்சாஸில் இருக்கும் மச்சானின் டிரெய்லரில் எலக்ட்ரிக் பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கிறதாம். கன்ட்ரோலரை, அதாவது இழுக்கும் வண்டியிலிருந்து அந்த பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டியை, மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், விலை கூடின பொருள் ஆச்சே!

ஒரு பக்கம் பிடிக்கிறதென்றால் கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து பிரேக்குக்குப் போவது ஒரே வயர், அங்கே வழக்கமாக நீல நிறம். பின்னால் போய்த்தான் இரண்டாகப் பிரிகிறது. கோளாறு அதற்கு அப்பால்.

அம்பத்தூர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தபடியே வீடியோ காலில் பார்த்தேன். 12 வோல்ட் எந்த ஊரிலும் 12 வோல்ட்தானே. பிடிக்காத பக்கத்து டிரமுக்குள் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மின்காந்தத்தின் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைக்கச் சொன்னேன். 10, 12 அங்குல டிரம் என்றால் சுமார் 3.2 ஓம் வரும். வந்தது. சரி, காந்தத்தின் காயில் பிழைத்தது.

அப்புறம் எர்த். சும்மா ஓம் பார்த்தால் நல்லவன் மாதிரி காட்டும். காந்தம் ஒன்றுக்கு 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் வயர்களைத் திரும்ப மாட்டி, கன்ட்ரோலரில் இருக்கும் கை லீவரை அழுத்திக்கொண்டே காந்தத்தின் எர்த் வயருக்கும், வண்டியோடு இணைக்கும் பிளக்கின் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பார்க்க வேண்டும். அரை வோல்ட் வந்தாலே சந்தேகப்படுவேன். இதில் அதற்கும் பல மடங்கு. எர்த் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு, கடலோரக் காசிமேட்டு வண்டி தோற்றுவிடும்.

சுரண்டிவிட்டுப் புது டெர்மினல் போடுகிறார். ஆக்சில் குழாய்க்குள் ஓடும் வயர் உராய்ந்திருக்கிறதா என்பதையும் இந்த ஞாயிறு பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.