மூன்றாவது பீரியட்

நவம்பர் 3, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் நீக்கல் முறை தொடங்கினேன். பலகையில் இரண்டே வரி:

5எக்ஸ் + 2ஒய் = 16
5எக்ஸ் − 3ஒய் = 1

மேல் வரியிலிருந்து கீழ் வரியைக் கழித்தால் எக்ஸ் போய்விடும். 5ஒய் = 15, ஒய் 3, எக்ஸ் 2. அவ்வளவுதான் கணக்கு.

நோட்டு திருத்தினேன். 41 பேரில் 26 பேர் −ஒய் = 15 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டில் மூன்று போனால் மைனஸ் ஒன்றாம். அந்த மூன்றுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு மைனஸ் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை. ஒய் −15, எக்ஸ் 46/5 என்று முடித்து, ஸ்கேல் வைத்துப் பெட்டி வேறு கட்டியிருக்கிறார்கள். கீழ் வரியில் போட்டுப் பார்த்திருந்தால் 91 = 1 என்று பல்லிளித்திருக்கும். ஒருத்தரும் போட்டுப் பார்க்கவில்லை.

போன் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் படுக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மதுரையிலிருந்து ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, புதன்

சந்தையில் அம்மாவோடு காய்கறி விற்கிற பையன் ஒருவன் கடைசி பெஞ்சில் இருக்கிறான். அந்த 26 பேரில் அவனும் உண்டு. இன்று எக்ஸ், ஒய் எதுவும் எழுதாமல் வாயாலேயே கேட்டேன். 2 கிலோ கத்தரி, 3 கிலோ வெண்டை 170 ரூபாய். 2 கிலோ கத்தரி, 5 கிலோ வெண்டை 230 ரூபாய். நான் திரும்பி சாக்பீஸ் எடுப்பதற்குள், "வெண்டை முப்பது, கத்தரி நாப்பது மிஸ்" என்றான்.

எப்படி?

"ரெண்டு பேரும் வாங்குன கத்தரிக்கா ஒண்ணுதான மிஸ். ரெண்டாவது ஆளு ரெண்டு கிலோ வெண்டை கூட வாங்கிருக்காரு, அதுக்கு அறுபது கூட."

நீக்கல் முறையே அதுதானடா என்று கத்தத் தோன்றியது. சரி, இதையே எழுதிக் காட்டு என்றேன். க = கத்தரிக்காய், வெ = வெண்டைக்காய் என்று தொடங்கினான். அப்படியானால் 2க என்ன? "ரெண்டு கிலோ கத்தரிக்கா." அதோடு 3 கிலோ வெண்டைக்காயைக் கூட்டினால் 170 என்ன வரும்? யோசித்தான். "கூடை" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. க என்பது கத்தரிக்காய் இல்லை, ஒரு கிலோவின் விலை. ஒரு எண். நமக்கு இன்னும் தெரியாத எண், அவ்வளவுதான். முதல் எழுத்தைக் குறியீடாக வைக்கச் சொன்னது நான். ஞாபகம் வைக்க எளிது என்று பதினோரு வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

தம்பி பேசினான். "திங்கக்கெழமதான் சொல்லுவாங்களாம்க்கா." எந்தத் திங்கள் என்று கேட்க விட்டுப்போயிற்று. திரும்பக் கூப்பிட்டால் பிஸி.

நவம்பர் 8, சனி

தூக்கம் இல்லை. மணி இரண்டரை. பி.எட். காலத்து நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 9ஆம் நூற்றாண்டு மகாவீராச்சாரியார் கணக்கு ஒன்று அதில் இருக்கிறது. ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்துச் சமணர். கணித சார சங்கிரகத்தில் கேட்கிறார்: நாரத்தை 9, விளாம்பழம் 7, விலை 107. நாரத்தை 7, விளாம்பழம் 9, விலை 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

புத்தக வழியில் போனால் கெழுக்களைச் சமமாக்க ஒன்பதாலும் ஏழாலும் பெருக்கி மாள வேண்டும். சும்மா கூட்டினால்? பதினாறு நாரத்தை, பதினாறு விளாம்பழம், 208. ஆக, ஒன்றும் ஒன்றும் சேர்ந்து 13. கழித்தால் இரண்டு நாரத்தை போட்டு இரண்டு விளாம்பழம் எடுத்தால் 6. ஆக வித்தியாசம் 3. நாரத்தை 8, விளாம்பழம் 5.

இரண்டு முறை போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன். 8, 5. ஒவ்வொரு தடவையும் அதே 8, அதே 5. இந்த ராத்திரிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

அடுத்த பக்கத்தில் சீனர்கள். 263இல் லியூ ஹுய் ஒரு பழைய கணக்குப் புத்தகத்துக்கு எழுதிய உரையில், எண்ணும் குச்சிகளில் சிவப்பு என்றால் பிளஸ் எண், கறுப்பு என்றால் மைனஸ் எண். மைனஸைக் கையால் தொட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 10, திங்கள்

விளையாட்டு அறையிலிருந்து கேரம் காய்களைக் கொண்டுவந்தேன். வெள்ளை ஒரு ஒய், கறுப்பு ஒரு மைனஸ் ஒய். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூஜ்ஜியம். மேஜையில் இரண்டு வெள்ளை வைத்தேன். இதிலிருந்து மூன்று கறுப்பை எடு.

"கறுப்பே இல்லையே மிஸ்."

இல்லைதான். என்ன செய்யலாம்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் முதல் பெஞ்சுப் பெண் மூன்று வெள்ளை, மூன்று கறுப்பு, ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து வைத்தாள். "இது பூஜ்ஜியம்தான மிஸ், வைக்கலாம்ல?" பிறகு கறுப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டாள். மேஜையில் ஐந்து வெள்ளை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக்காரன் மட்டும் எழுந்து வந்து, எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான்.

திங்கள் முடிந்துவிட்டது. போன் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வகுப்பில் கத்திவிட்டேன். பேசியது இரண்டு பேர், திட்டு 41 பேருக்கும். போன் அதிர்ந்ததும் வராண்டாவுக்கு ஓடியிருந்தேன். ரீசார்ஜ் மெசேஜ்.

நவம்பர் 12, புதன்

எக்ஸ் + 2ஒய் = 4
2எக்ஸ் + 4ஒய் = 15

மேலே உள்ளதை இரண்டால் பெருக்கிக் கழித்தால் 0 = 7. பாதிப் பேர் ரப்பர் எடுத்து அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அழிக்காதீர்கள், சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லவே ஐந்து நிமிடம் ஆயிற்று. 0 எப்படி மிஸ் 7 ஆகும்? ஆகாது. அதனால்தான் விடை இல்லை. வரைபடத் தாளில் போட்டால் இரண்டும் இணை கோடுகள், எங்கேயும் வெட்டாது.

சந்தைக்காரன் சொன்னான்: "ஒரே சாமான் மிஸ். எட்டு ரூவாய்க்கு வரவேண்டியதுக்குப் பதினஞ்சு பில்லு. ரெண்டுல ஒரு பில்லு பொய்."

இதைப் பலகையில் எழுதி வைத்தேன். அழிக்காமல் வந்திருக்கிறேன்.

மாலை தம்பி. "நீ கெளம்பி வா, நேர்ல பேசிக்கலாம்." நேரில் என்றால் என்ன என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

நவம்பர் 13, வியாழன்

பதிலுக்கு வருகிற சாருக்கு எழுதி வைத்தது:

பிரதியிடல், நீக்கல் முடிந்தது. குறுக்குப் பெருக்கல் இப்போது வேண்டாம். கேரம் காய்கள் பீரோ கீழ்த்தட்டில், பிஸ்கட் டப்பாவில். ஒரு வெள்ளை குறைகிறது, சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறேன். விடை வந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வரியில் போட்டு எக்ஸ் கண்டுபிடித்தார்களோ அதே வரியில் சரிபார்ப்பார்கள், அது எப்போதும் சரியாகத்தான் வரும். இன்னொரு வரியில் போடச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் வெள்ளிக்கிழமை லேட்டாக வருவான். சந்தை. வெளியே நிறுத்த வேண்டாம்.

4.50 பஸ்.