நான்காய் மடித்த சம்பளச் சீட்டு

காரைக்குடி திங்கள் சந்தையில் கத்தரிக்காயை நிறுத்துப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார் அந்த அண்ணன்.

உள்ளே, மில்லில் வாங்கிய கடைசிச் சம்பளச் சீட்டு. நான்காய் மடித்து, மடிப்பெல்லாம் இற்றுப் போயிருந்தது. 'பி.எஃப். பிடித்தம்' என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது; வருங்கால வைப்பு நிதிக்கென்று சம்பளத்தில் பிடிப்பது.

"பிடிச்சாங்க தம்பி. கட்டலை."

நாலு மாதச் சம்பளமும் பாக்கி. பணிக்கொடையான கிராஜுவிட்டியும் வரவில்லை. கம்பெனி பெயரில் சொத்து ஒன்றுமில்லையாம். முதலாளி வேறு பெயரில் வேறு கம்பெனி நடத்துகிறார், அதே வீட்டில் இருக்கிறார்.

அப்பன் பட்ட கடனை மகன் அடைத்த ஊர் இது. கடனைக் கட்ட முடியாதென்று மஞ்சக் கடுதாசி கொடுத்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பார்கள். இன்று கம்பெனிக் கடன் முதலாளியின் சொத்தைத் தொடாமல் காக்க, 'லிமிடெட்' என்ற ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

பி.எஃப். பாக்கிக்காவது வழி உண்டு. சட்டப்படி, நிறுவனத்தின் சொத்து போதாவிட்டால் முதலாளியின் சொத்தையும் ஜப்தி செய்யலாம், அவரைக் கைதுகூட செய்யலாம். உழைத்த கூலிக்கும் அதே பிடி வேண்டும். லாபம் வீட்டுக்குப் போனதென்றால் கடனும் அந்த வீட்டு வாசலுக்குத்தானே போக வேண்டும்?

சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை அவரோடு மதுரை பி.எஃப். ஆபீசுக்குப் போகிறேன்.