எலிக்கு நாங்க கொடுத்த மறதி

லேப்ல மூணு வருஷம் மூலிகை எக்ஸ்ட்ராக்ட் வேலை பார்த்தேன், ஞாபகசக்திக்குன்னு சொல்ற வல்லாரையும் நீர்ப்பிரமியும்தான் மெயின். இலைய நிழல்ல காய வச்சு, பொடிச்சு, எத்தனால்ல ஊறப்போட்டு வடிகட்டி எத்தனாலை ஆவியாக்கி எடுக்கிற ரோட்டரி எவாப்பரேட்டர்ல ஓட்டினா கடைசியில குடுவை அடியில கரும்பச்சையா பிசின் மாதிரி கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். அவ்ளோ இலைக்கு இவ்ளோதானான்னு முதல் தடவை மனசே விட்டுப்போச்சு.

அடுத்து எல்மன் டெஸ்ட். மூளை செல்லுங்க சேதி சொல்லிக்கிற அசிடைல்கோலினை உடைக்கிற என்சைமை நம்ம சரக்கு தடுக்குதான்னு பாக்கணும், தடுத்தா மஞ்சள் நிறம் கம்மியா வரும். அல்சைமருக்குக் கொடுக்கற டோனபெசில் மாத்திரை செய்யற வேலையும் இதுதான். ஸ்னோட்ராப் செடியில கண்டுபிடிச்ச கேலன்டமைன்ங்கிற மருந்தும் இப்படித்தான், 2001ல அமெரிக்காவுல அல்சைமருக்கு அனுமதி வாங்கிச்சு. அதனால செடியில ஒண்ணுமில்லன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அது மில்லிகிராம் கணக்குல அளந்த ஒத்தை மூலக்கூறு, எங்க குடுவையில இருந்தது நூத்துக்கணக்கான பொருள் கலந்த பசை.

எலி வேலைதான் மனசுல நின்னது. பால் மாதிரி கலங்கின தண்ணித் தொட்டி, அடியில கண்ணுக்குத் தெரியாத மேடை, எலி நீந்தி அதைக் கண்டுபிடிக்கணும், தினம் நாலு தடவை. பழகின எலி நேரா போய் ஏறிடும். அதுக்கே ஸ்கோபோலமைன்னு கொஞ்ச நேரம் மறதிய உண்டாக்கற மருந்தை ஊசியா போட்டா ஓரமாவே சுத்திச் சுத்தி நீந்தும், பாக்கவே பாவமா இருக்கும். அந்த ஊசியோட எங்க எக்ஸ்ட்ராக்டும் கொடுத்த எலி ஓரளவு சீக்கிரமா மேடைக்கு வந்துச்சு, கிராஃப் பார்த்து நாங்க எல்லாரும் கை தட்டினோம்.

அந்த ரிசல்ட்டை யார் மூலமாவோ கேள்விப்பட்டு ஒரு அம்மா போன் பண்ணாங்க, அவங்கம்மாவுக்கு அல்சைமர், பொண்ணையே யாருன்னு கேக்குறாங்களாம். "அந்த எலிக்கு ஞாபகம் வந்துச்சாமே சார், எங்கம்மாவுக்கு எவ்ளோ கொடுக்கணும்?"

எனக்கு வாயே வரல. அந்த எலிக்கு மறதிய கொடுத்ததே நாங்கதாங்க, ஊசி மருந்தோட வேகம் குறைஞ்சா அடுத்த நாள் தானாவே தெளிஞ்சிரும், உங்கம்மாவுக்கு செல்லே செத்துக்கிட்டு இருக்கு, ரெண்டும் ஒண்ணில்லன்னு மெதுவா சொன்னேன். ஞாபகத்துக்குன்னு விக்கிற ஜின்க்கோ மர இலை மாத்திரை கொடுக்கலாமான்னு கேட்டாங்க. 75 வயசு தாண்டின 3,069 பேருக்கு வருஷக்கணக்கா கொடுத்துப் பார்த்தும் டிமென்ஷியா வர்றது குறையலன்னு 2008லயே வந்துருச்சு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து வேற இருக்கு, டாக்டர்கிட்ட கேக்காம எதையும் கொடுக்காதீங்க, இருக்கிற மாத்திரையையும் நிறுத்தாதீங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சரிங்க சார்"னு வச்சுட்டாங்க.

அடுத்த ரிப்போர்ட்ல தலைப்பு "அல்சைமர் ஞாபகமறதிக்கு வல்லாரை"ன்னு இருந்துச்சு. நான் "ஸ்கோபோலமைன் கொடுத்த எலிகளில்"னு மாத்தினேன். நீளமா இருக்கு, எடுத்துருன்னு சீனியர் ரெண்டு தடவை சொன்னார், நான் எடுக்கல.