மீட்டர் பெட்டி எரிந்த இரவும் எங்கள் ஒற்றைப் படிக்கட்டும்

போன கோடையில் ஒரு நாள், விடிகாலை இரண்டே முக்கால் மணி இருக்கும். ஏசி நின்றதால்தான் எனக்கு விழிப்பு வந்தது. கரண்ட் போய்விட்டது போல என்று எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனால் ஒரு வாடை. ரப்பர் எரிகிற நாற்றம், அதோடு மீன் கருகினால் வருமே, அந்த மாதிரி ஒன்று. அந்த நேரத்தில் யார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். ஒயரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் சுவிட்ச் பெட்டிகளும் சூடாகி உருகும்போது சில சமயம் மீன் வாடை வரும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரியும். நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சமைக்காத நேரத்தில் வீட்டில் மீன் வாடை வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

வாசல் கதவைத் திறந்தேன். படிக்கட்டு தெரியவில்லை. கைப்பிடிக் கம்பி தெரியவில்லை. ஆறடி தள்ளி இருக்கிற எதிர் வீட்டு வாசலின் மாவிலைத் தோரணம் தெரியவில்லை. கறுப்பாக, கனமாக, ஒரு மூட்டை போலப் புகை உள்ளே வந்து விழுந்தது. இரண்டு மூச்சு இழுத்ததற்கே நெஞ்சு அடைத்தது. என் கணவர் பின்னாலிருந்து என்னை இழுத்துக் கதவைச் சாத்தினார்.

எங்களுடையது சென்னையில் எங்கும் பார்க்கிற மாதிரியான கட்டடம்தான். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, பதினாறு வீடு, ஒரு சின்ன லிஃப்ட், அதைச் சுற்றிக்கொண்டு மேலே போகும் ஒரே ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் அடியில்தான் பதினாறு வீட்டு ஈபி மீட்டர்களும் இருக்கின்றன. அன்றைக்குத் தீப்பிடித்தது அங்கேதான். பிறகு விடிந்து போய்ப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. எரிந்தது மூன்று மீட்டர் பெட்டி, அதற்குக் கீழே யாரோ காலி செய்துகொண்டு போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு ஃபோம் மெத்தை, பழைய பேப்பர்க்காரருக்காகக் கட்டி வைத்த இரண்டு கட்டு நியூஸ்பேப்பர், ஒரு பிளாஸ்டிக் செருப்பு ஸ்டாண்ட். அவ்வளவுதான். அந்தச் சின்னத் தீ நான்கு மாடிப் படிக்கட்டையும் புகையால் நிரப்பியது.

கீழே வாட்ச்மேன் அண்ணன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். முதல் மாடித் தம்பி ஓடி வந்து கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறான். கரண்ட் ஓடுகிற பெட்டியில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அவரே போயிருப்பார். சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பின்னை உருவி அழுத்தினால் புஸ்ஸென்று ஒரு சத்தம், அதோடு சரி. அதன் மேலே காசளவுக்கு ஒரு மானி இருக்கும், முள் பச்சையில் நிற்க வேண்டும். எங்களுடையது எத்தனை மாதமாகச் சிவப்பில் நின்றதோ, தினமும் அதைக் கடந்துதான் எல்லாரும் வண்டி எடுக்கப் போகிறோம், யாரும் பார்க்கவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கணக்கு பார்ப்பவள் நான். அதை நிரப்பச் சொல்லிப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டியது என் வேலை.

இதற்குள் நாலாம் மாடியில் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன், கீழே இறங்க முடியாது என்று புரிந்து மேலே மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறார்கள். சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் கதவில் பூட்டு. சாவி செயலாளர் மாமா வீட்டில், முதல் மாடியில். புகை மேலேதானே போகும்? போவதற்கு வழியில்லாமல் அந்தக் கடைசிப் படியில் வந்து திரள்கிறது, அங்கே இவர்கள் மூவரும் இருட்டில் பூட்டை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னது: "அவன் கை என் கையிலதான் இருந்துச்சு, ஆனா அவன் மூஞ்சி எனக்குத் தெரியல." சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி, கதவைச் சாத்தி, ஈரத் துண்டைக் கதவடியில் திணித்து, பால்கனியில் போய் நின்று கத்தியிருக்கிறார்கள். அதனால் பிழைத்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது, ஈபி ஆட்கள் தெருமுனை பில்லர் பாக்ஸில் இணைப்பைத் துண்டித்தார்கள், தீ அணைந்தது. எதிர் வீட்டுத் தாத்தாவை மட்டும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. போகும்போது ஒரு தீயணைப்பு வீரர் சொன்னார், "தீ சின்னதுதாம்மா. படிக்கட்டுதான் உங்களுக்குப் புகைக்கூண்டு ஆயிடுச்சு. மேல் கதவு திறந்திருந்தா பாதிப் புகை அப்படியே வெளிய போயிருக்கும்."

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிற மாதிரி இருந்தது. 2024 ஜூன் 12, குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். தீ தரைத்தளத்தில் பிடித்தது, புகை படிக்கட்டு வழியாக ஏறியது, மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. இறந்தவர்கள் கிட்டத்தட்ட ஐம்பது பேர், பெரும்பாலானோர் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். சவப்பெட்டிகள் விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2025 மே 18, ஹைதராபாத்தில் சார்மினார் பக்கத்தில் குல்சார் ஹவுஸ் என்ற பகுதி. கீழே கடை, மேலே வீடு, ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு. கீழே பிடித்த தீயில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 17 பேர், அதில் 8 பேர் குழந்தைகள். இரண்டு இடத்திலும் நிறைய பேரைக் கொன்றது புகைதான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும், கால் நிற்காது, தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயரமான கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மாடிக்கு மாடி தீயணைப்புக் குழாயை மாட்டுகிற ஹைட்ரண்ட் வால்வு, தீயணைக்கவென்று தனித் தண்ணீர்த் தொட்டி என்று கடுமையாகக் கேட்பதெல்லாம் அந்த உயரத்துக்கு மேல்தான். நம் தெருக்களில் இருக்கிற நாலு மாடி, ஐந்து மாடி வீடுகள் பெரும்பாலும் அதற்குக் கீழே வந்துவிடும். அதாவது எங்களை மாதிரி கட்டடத்தில் தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் கிடையாது, புகை வந்தால் கத்துகிற அலாரம் கிடையாது, இரண்டாவது படிக்கட்டு கிடையாது. இருப்பது அந்த ஒரு படிக்கட்டு மட்டும். அதைக் காலியாக வைத்திருப்பதுதான் எங்களுக்கு இருக்கிற மொத்தத் தீப் பாதுகாப்பு. இதை நான் இப்போது சங்கக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மீட்டர் பெட்டி ஏன் எரிந்தது? பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் காட்டினார். கோடையில் லோ வோல்டேஜ் வரும். நம் வீடுகளில் ஃபேஸ் மாற்றுகிற சுவிட்ச் இருக்கும் இல்லையா, எந்த ஃபேஸில் வோல்டேஜ் நன்றாக இருக்கிறதோ அதற்கு ஏசியைத் திருப்பிவிடுவோம். நானும் அன்று இரவு திருப்பினேன். பதினாறு வீட்டில் பத்து வீடு இப்படிச் செய்தால் அத்தனை ஏசியும் ஒரே ஃபேஸில் வந்து உட்காரும், அந்த ஒயரும் அதன் இணைப்புகளும் மணிக்கணக்கில் கொதிக்கும். எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தால் போதும். இதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. லூஸ் கனெக்ஷனில் எம்சிபி, அதாவது கரண்டைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச், விழாது. அளவுக்கு மேல் கரண்ட் போனால்தான் எம்சிபி விழும், லூசான இடத்தில் கரண்ட் சாதாரண அளவுதான், சூடு மட்டும்தான் ஏறிக்கொண்டே போகும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, கோடை தொடங்குவதற்கு முன், ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்க்ரூக்களை இறுக்குவது தவிர வேறு வழியில்லை. மீட்டர் பக்கமும் ஃபியூஸ் பக்கமும் இருப்பதை ஈபியிடம் எழுதிக் கொடுத்துத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்புறம், எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடச் சொல்பவர்களே, அது விழுவது உங்கள் சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பாற்றுவதற்காக. ஒயரை மாற்றாமல் அதை மட்டும் மாற்றாதீர்கள்.

படிக்கட்டைக் காலி செய்ததுதான் பெரிய சண்டை. ஒவ்வொரு வாசலிலும் ஷூ ரேக், திருப்பத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி, உடைந்த தொட்டில், குழந்தை வளர்ந்த பிறகும் மூன்று வருஷமாக நிற்கிற சின்ன சைக்கிள். "எங்க வீட்டு வாசல்ல நாங்க வெச்சா உங்களுக்கு என்ன" என்று கேட்டார்கள். எரிந்த ஃபோம் மெத்தையின் மிச்சத்தை நான் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கூட்டத்தில் மேஜை மேல் வைத்தேன். உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக, தார் உருகி இறுகிய மாதிரி ஒரு கட்டி. ஒரு ஆள் படுக்கிற மெத்தையில் மிச்சம் அவ்வளவுதான், மீதியெல்லாம் புகையாகி நம் நெஞ்சுக்குள் போயிற்று என்று சொன்னேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.

மின்சார ஸ்கூட்டர் இன்னொன்று. எங்களிடம் இப்போது ஐந்து இருக்கிறது, இரண்டு வண்டி படிக்கட்டின் அடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார வண்டி எரிந்து, அப்பாவும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். வண்டி வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது சார்ஜ் ஆகும் இடம் வெளியே போகும் வழியில் இருக்கக்கூடாது. நாங்கள் காம்பவுண்டு ஓரமாகத் தனி ஒயர் இழுத்து, தனி எம்சிபியும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபியும் வைத்து, அங்கே மாற்றினோம்.

பால்கனி கிரில்லையும் சொல்ல வேண்டும். திருடனுக்குப் பயந்து, குழந்தை விழுந்துவிடுமே என்று பயந்து, புறாவுக்குப் பயந்து முழுக்க மூடிவிடுகிறோம். அன்று அந்த நாலாம் மாடிக் குடும்பத்துக்கு ஏணி வைக்க வேண்டி வந்திருந்தால் கிரில்லை அறுக்கத்தான் நேரம் போயிருக்கும். ஒரு ஆள் வெளியே வருகிற அளவுக்குத் திறக்கிற மாதிரி ஒரு பாகம் வைத்து, பூட்டினால் சாவியைக் குழந்தை கைக்கு எட்டாமல் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

உயரமான கட்டடத்தில் இருப்பவர்கள் எங்களுக்கு எல்லாம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். என் அக்கா பதினான்கு மாடிக் கட்டடத்தில் இருக்கிறாள். அங்கே போனபோது பம்ப் அறைக்குள் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். பெரிய பம்பு, அழுத்தத்தை நிலையாக வைக்கும் ஜாக்கி பம்பு, கரண்ட் போனால் ஓட டீசல் பம்பு, எல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்து அழகாக நின்றன. பேனலில் சுவிட்ச் மட்டும் "ஆட்டோ"வில் இல்லை, "மேனுவல்"இல் இருந்தது. ஏன் என்று கேட்டால், பைப்பில் எங்கேயோ கசிவு, ஆட்டோவில் போட்டால் ஜாக்கி பம்பு அடிக்கடி ஓடிக் கரண்ட் பில் ஏறுகிறதாம். ராத்திரி இரண்டு மணிக்கு யார் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துவது? ஏழாவது மாடி ஹோஸ் பெட்டியைத் திறந்தோம், குழாய் இருந்தது, அதன் முனையில் மாட்டுகிற நாசில் இல்லை. அதைப் பழைய பித்தளை விலைக்கு யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய படிக்கட்டுத் தீக்கதவுக்குக் காற்று வரட்டும் என்று செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கதவு சாத்தியிருந்தால்தான் படிக்கட்டுக்குள் புகை வராது. செங்கல்லை அக்காவே எடுத்தாள்.

சரி, உண்மையிலேயே நடந்துவிட்டால்? லிஃப்டில் ஏறாதீர்கள். கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திறக்க வேண்டாம். எரிவது உங்கள் வீடு என்றால் எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு இறங்குங்கள். எரிவது வேறெங்கோ, படிக்கட்டில் புகை இருக்கிறது என்றால் உள்ளேயே இருந்து கதவடியை ஈரத் துணியால் அடைத்துவிட்டு பால்கனிக்குப் போங்கள், 101க்கோ 112க்கோ கூப்பிட்டு எந்த மாடி, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். நெருப்பு உங்கள் வீட்டுக்குள் வரும் அறிகுறி தெரிந்தால் அங்கே காத்திருக்கக் கூடாது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017இல் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகள் வழியாகத் தீ மேலே ஏறிக்கொண்டிருந்தபோதும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை வெகுநேரம் மாற்றவில்லை, 72 பேர் போனார்கள். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம், ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னல் கதவுகளைத் திறந்துவிடுங்கள். காற்றைவிட கனமானது என்பதால் சிலிண்டர் கேஸ் தரையோடுதான் பரவும்.

மொட்டை மாடிக் கதவு விஷயத்துக்கு மட்டும் எங்களுக்கு மூன்று கூட்டம் ஆயிற்று. ஏசியின் செப்புக் குழாயைத் திருடிவிடுவார்கள், வெளிப் பையன்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள், இப்படிப் பல பயம், எதுவும் பொய்யில்லை. கடைசியில் பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டோம், திறந்தால் வாட்ச்மேன் அண்ணன் அறையில் மணி அடிக்கிற மாதிரி ஒரு சென்சார், எண்ணூறு ரூபாய். ஆசாரி தாழ்ப்பாளை வழக்கமான உயரத்தில் வைத்துத் துளை போட்டுவிட்டார். நாலாம் மாடி அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்து கதவு முன்னால் நிற்க வைத்து, இவன் கைக்கு எட்டணும், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு திறக்க வரணும் என்றாள். கழற்றி ஒரு முழம் கீழே மாற்றினோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு நான்கு தடவை திறந்து காட்டினான்.