பேட்டி எடுத்து முடித்த தம்பி, தங்கைகளுக்கு

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் குடிநீர் பற்றிப் பேட்டி எடுத்து வந்திருக்கும் மாணவர்களே, ‘தண்ணீர்’, ‘உடல்நலம்’, ‘அரசுத் திட்டம்’ என்று கேள்வித்தாளின் தலைப்புகளையே கருப்பொருள்களாக, அதாவது பேட்டிகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் மையக் கருத்துகளாக, எழுதிவிடாதீர்கள். அவை நீங்கள் கேட்டவை. அவர்கள் சொன்னது எங்கே?

ஃபுளோரைடு என்ற உப்பு மிகுந்த தண்ணீரைச் சிறுவயதில் குடித்தவர்களுக்குப் பல்லில் விழுந்த கறை தானாகப் போகாது. 2013இல் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகும் அந்தத் தலைமுறைக்குக் கறை அப்படியேதான் இருக்கிறது. ஓர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். இன்னொருவர் மகளைப் பெண் பார்க்க வந்த நாளைப் பற்றியே பேசுகிறார். தனித்தனிக் குறியீடுகளாக (பேட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் நாம் இடும் சிறு பெயர்களாக) இருக்கும் இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயைவிட வெட்கம்தான் பெரிய சுமை என்பது தெரியவரும். அதுதான் கருப்பொருள். அது தானாக மேலே வராது, நாம்தான் தேடிக் கட்ட வேண்டும்.

அப்புறம், பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். சிரிப்பு, மௌனம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். “எனக்கு அப்படி ஒன்றும் இல்லை” என்று சொன்னவரின் பேட்டியை ஒதுக்காமல் இன்னொரு முறை படியுங்கள். உங்கள் முடிவைச் சோதிக்க அதைவிட நல்ல பேட்டி கிடைக்காது.