ஓமான் கடலடிச் சேற்றில் பருவக்காற்று

தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஓமான் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலே வரும். அதில்தான் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற ஒருசெல் உயிரி கொழிக்கும். அது செத்ததும் ஓடு கடலடியில் படியும். சேற்றின் ஓர் அடுக்கில் மற்ற வகை ஓடுகளோடு ஒப்பிட அதன் ஓடுகளின் விகிதம் கூடினால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் காற்று பலமாக இருந்தது என்று படிக்கிறோம்.

சேற்றை 63 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடையில் மெதுவாக அலசுங்கள். தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினால் ஓடு நொறுங்கும். 50 டிகிரிக்குள் உலர்த்தி, 150 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது 300 ஓடுகளையாவது எண்ணுங்கள். நுண்ணோக்கியில் புல்லாய்டஸ் நாலு குமிழ் ஒட்டிய மாதிரி, அகன்ற வாயோடு தெரியும். பார்க்கப் பார்க்க அலுக்காது!

புழுக்கள் கிளறிய சேற்றில் பல நூற்றாண்டுகள் கலந்துவிடும். ஆக்சிஜன் வறண்ட ஆழத்தில் புழுக்கள் பிழைப்பது கடினம்; அந்தச் சேறு அதனால்தான் பொக்கிஷம். மெல்லிய ஓடுகள் கரைந்திருந்தால் விகிதமே பொய் சொல்லும். உடைந்த துண்டுகள் அந்தக் கரைப்பைக் காட்டிக்கொடுக்கும்; அவற்றையும் தனியாக எண்ணி வையுங்கள்.